தங்கவயலில் ஒரு நாணய நோட்டம்



பங்காருப்பேட்டையில் வண்டி மாறி மாரிக்குப்பம் நோக்கிச் செல்வோர்க்குச் சிறிது நேரத்திலேயே சாம்பல் நிற மணற்குன்றுகள் தென்படும். அவை இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல. பாறையை உடைத்து, அரைத்து, பொன்னைப் பிரித்தெடுத்த பின்னர் எஞ்சிய மணலை ஆண்டுக்கணக்கிற் கொட்டியதனால் எழுந்தவை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் தொழிலைத் தொடங்கியது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரையில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிச் சென்ற தமிழ் மக்களின் உழைப்பு அக்குன்றுகளில் அடங்கிக் கிடக்கிறது. கோலார்த் தங்கவயல் என்று நாம் அன்போடு வழங்கும் அவ்வூரில் இன்று பொன் எடுப்பார் இல்லை. இளைஞர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். முதியோர் வரிசை வீடுகளின் திண்ணையில் அமர்ந்து பழைய நாளைப் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

அத்தகைய முதியவர் ஒருவரைக் காண நாம் சாம்பியன் ரீஃப் பகுதிக்குச் சென்றிருந்தோம். சுரங்கத்தின் தர ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணைப் பணியாளராக இருந்தவர் அவர். தேநீர் வந்தது. அதன் பின் பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று வந்தது. பெட்டிக்குள் பழைய துணியிற் சுற்றிய நாணயங்கள் மூன்று.

முதல் நாணயம் ஓர் எஃகு ஒரு ரூபாய். அதன் முத்திரை நடுவில் விழாமல் ஒருபுறமாக ஒதுங்கி, மற்றொரு புறம் பிறை வடிவில் வெறுமையாக இருந்தது. இரண்டாவது ஒரு பழைய ஐந்து ரூபாய். ஒரு பக்கத்தில் சிங்க முகம் வழக்கம்போல் இருந்தது. மறுபக்கத்தில் ‘5’ என்னும் இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில் அதே சிங்க முகம் கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருந்தது. மூன்றாவது 1947-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை ஒருபுறம், நடந்து செல்லும் புலி மறுபுறம்.

“இவை மூன்றும் பன்னிரண்டு இலட்சம் பெறுமாம் ஐயா,” என்றார் முதியவர்.

சொன்னவர் யார் என்று வினவினோம். நேரில் வந்தவர் எவரும் இல்லை. பேரன் கைப்பேசியில் நாணயங்களின் படத்தைப் போட்டிருக்கிறான். இரண்டே நாளில் யாரோ அழைத்து, பன்னிரண்டு இலட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பதிவுக் கட்டணமாக இரண்டாயிரம் ரூபாய் கேட்டார், அனுப்பியாயிற்று. இப்பொழுது வரி என்று பதினெட்டாயிரம் கேட்கிறார். பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது; பத்து நாளில் கட்டணம் செலுத்தவேண்டும். ஆகவே வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே சங்கிலியை இராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில் வைத்துப் பதினெட்டாயிரத்தை அனுப்பிவிடலாமா என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

இவ்வாறு பெட்டிக்குள் பழைய காசு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தங்கவயலில் மட்டுமா இருக்கின்றன? மும்பைத் தாராவியிலும், அந்தமானிலும், நீங்கள் வாழும் எந்நகரிலும் உண்டு. ஆதலின் அன்று நாம் அந்தத் திண்ணையில் கண்டவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நாணயத்தை ஆராய்ந்து நல்லது இன்னது, போலி இன்னது என்று கூறும் தொழில் நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் வரிசையில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்றொரு பெயர் வருகிறது. வண்ணக்கன் என்னும் சொல் நாணயத்தின் தரம் ஆய்வோனைக் குறிக்கும். பிற்காலத்தில் அவ்வேலையை நோட்டம் என்றும், அது செய்வாரை நோட்டக்காரர் என்றும் சராப்பு என்றும் அழைத்தனர். காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்று பெயர். சென்னையில் இன்றும் தங்கசாலைத் தெரு இருக்கிறது. அங்கிருந்த நாணயச்சாலை 1869-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. நேர்மைக்கே ‘நாணயம்’ என்று பெயர் வைத்த மொழி நம் மொழி. அம்மொழி பேசுவோர் ஒரு தொலைபேசிக் குரலின் விலை மதிப்பை நம்பிச் சங்கிலியை அடகு வைப்பதா என்று நமக்குள் ஒரு வருத்தம் எழுந்தது. ஆயினும் அதை வெளியிற் காட்டாமல், “ஆய்வுக்கூடத்தில் ஒரு கல் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டோம்.

முதியவர் முகம் மலர்ந்தது. “வாய்ப்பேச்சை அங்கே யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் ஐயா. மேஸ்திரி ‘நல்ல கல்’ என்பார். நாங்கள் அதைப் பொடி செய்து, ஈயத்தோடு சேர்த்து உருக்குவோம். ஈயம் பொன்னையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் இறங்கும். எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து மறுபடியும் உருக்கினால் ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும்; ஒரு மணி மட்டும் மிஞ்சும். அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து பொன் நிற்கும். அதைத் தராசில் வைப்போம். தராசு சொல்வதுதான் பேச்சு,” என்றார்.

“இந்த மூன்றையும் தராசில் வைத்தீர்களா?” என்றோம்.

சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். இராபர்ட்சன்பேட்டையில் அவருக்குத் தெரிந்த பொற்கொல்லர் ஒருவர் இருந்தார். மில்லிகிராம் வரை காட்டும் தராசும், உருப்பெருக்கிக் கண்ணாடியும், அளவுக் கருவியும் அவரிடம் இருந்தன. ஒரு காந்தத்தை நாம் வழியில் வாங்கிக்கொண்டோம்.

பிழை நாணயத்தை நோட்டம் பார்க்குமுன் நாணயம் பிறக்கும் முறையை அறிந்துகொள்ளவேண்டும். நம் நாட்டில் இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசு நாணயச்சாலைகள் உள்ளன. உலோகத்தை முதலில் நீண்ட தகடாக உருட்டுகிறார்கள். அத்தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டுகிறார்கள். வில்லையின் ஓரத்தை அழுத்தி வரம்பு எழுப்புகிறார்கள். பின்பு அவ்வில்லை கீழச்சின்மேல் வந்து அமரும். அதனைச் சுற்றி ஒரு வளையம் பிடித்துக்கொள்ளும். மேலச்சு பெருவிசையோடு இறங்கும். தலையும் பூவும் விளிம்பின் வரிகளும் அந்த ஒரே நொடியில் அமைந்துவிடுகின்றன. ஒரு நிமிடத்தில் சில நூறு நாணயங்களை இவ்வாறு அடித்துத் தள்ளும் எந்திரங்கள் உண்டு. அத்தனை வேகத்தில் எப்போதோ ஒரு வில்லை சரியாக அமராமற் போகும். எப்போதோ அச்சு விரிசல் விடும். எப்போதோ ஒரு காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பரிசோதனையிற் கழித்துவிடுவார்கள். கண் தப்பி மூட்டையிற் புகுந்து வங்கிக்கு வந்துவிடுவனவே பிழை நாணயங்கள்.

ஆகவே எந்தப் பிழை நாணயத்தைக் கையில் எடுத்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பிழை எந்தப் படியில் நேர்ந்திருக்கும்? தகட்டிலா, வில்லையிலா, வளையத்திலா, அச்சிலா? உண்மைப் பிழைக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்றில் விடை இருந்தே தீரும். எந்தப் படியிலும் விடை கிடைக்கவில்லையெனின், அந்தப் பிழை அக்கசாலையை விட்டு வெளியே வந்தபின் யாரோ ஒருவர் கையால் நேர்ந்தது என்று கொள்க.

எஃகு ரூபாயை முதலில் தராசில் இட்டோம். 1992-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அவ்வகை ஒரு ரூபாயின் எடை 4.85 கிராம், குறுக்களவு 25 மில்லிமீட்டர். தராசு 4.83 காட்டியது. காந்தத்தைக் காட்டினோம், துள்ளி ஒட்டிக்கொண்டது. அது சரியே, அவ்வகை எஃகு காந்தத்துக்கு இசையும். குறுக்களவு 25-ஐத் தாண்டி, வட்டமும் சற்றுக் கோணியிருந்தது. புதிதாகப் பார்ப்பவர் இதைக் கண்டு ஐயுறக்கூடும். உண்மையில் அதுவே நற்சான்று. வில்லை வளையத்துக்குள் அமராமல் ஒருபுறம் நழுவிக் கிடந்த நிலையில் அச்சு இறங்கியிருக்கிறது; பிடித்துக்கொள்ள வளையம் இல்லாமையால் உலோகம் வெளியே பரந்துவிட்டது. இரு பக்கங்களிலும் பிறை வெறுமை ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தி நின்றது. தேய்த்துச் செய்த போலியாயின் பிறைப் பகுதி மற்றப் பகுதியைவிடத் தாழ்ந்திருக்கும், அரத்தின் கீறலும் தெரியும், எடையும் குறைந்திருக்கும். இங்கே அவை ஒன்றும் இல்லை. ஆண்டு 1998 என்பதும் அதன்கீழ் ஐதராபாத்துக்குரிய நட்சத்திரக் குறியும் வெட்டுப்படாமல் தெரிந்தன. இந்நாணயம் மெய்யான பிழை என்று முடிவு செய்தோம்.

எடையைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்லவேண்டும். சில வேளை ஒரு ரூபாய்க்குரிய அச்சின்கீழ் ஐம்பது பைசாவுக்குரிய வில்லை தவறிப் புகுந்துவிடுவதுண்டு. எஃகு ஐம்பது பைசாவின் எடை 3.79 கிராம். ஒரு ரூபாய் முத்திரை சிறு வில்லையில் இடம் போதாமல் விழுந்து, தராசும் 3.79-ஐ ஒட்டிக் காட்டினால் அது கருதத்தக்க பொருள். அதுவன்றி மூன்றரையும் நாலேகாலுமாக எந்தக் கணக்கிலும் சேராத எடை வந்தால், யாரோ அமிலத்தில் ஊறவைத்திருக்கிறார்கள் அல்லது அரத்தால் தேய்த்திருக்கிறார்கள்.

ஐந்து ரூபாய்க் காசின் கதை வேறு. அதனை முதியவர் பங்காருப்பேட்டைச் சந்தையில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். இவ்வகைப் பிழை உலகெங்கும் உண்டு, மதிப்பும் உண்டு. அடிபட்ட காசு ஒன்று கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வரும்போது அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் முகமே அதன்மேல் இறங்கும். ஆகையால் புதுக்காசின் ஒரு பக்கம் வழக்கம்போல் புடைப்பாகவும், மறுபக்கம் அதே உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகவும் அமைந்துவிடும். கேட்பதற்கு இக்காசும் அப்படியே இருக்கிறதன்றோ? எடையும் ஒன்பது கிராமுக்கு மிக அருகிலே நின்றது; அஃது அவ்வகைக் காசுக்குரிய எடையே. செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் ஆதலால் காந்தம் ஒட்டவில்லை, அதுவும் சரியே. முதியவர் முகத்தில் நம்பிக்கை தோன்றியது.

பொற்கொல்லர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை நம்மிடம் நீட்டினார். பள்ளமாய்ப் பதிந்த சிங்க முகத்தின் ஊடே, நசுங்கிப்போன ‘5’ ஒன்று ஆவிபோல் தெரிந்தது. அதன் வளைவும் மேற்கோடும் தட்டையாகிக் கிடந்தன. மறுபக்கத்துச் சிங்கத்தின் பிடரியும் மூக்கும் அழுந்தியிருந்தன.

மெய்யான பிழையில் அந்தப் பக்கத்தின்மேல் ‘5’ என்னும் அச்சு என்றுமே பட்டதில்லை. ஆகவே அதன் சுவடு அங்கே இருக்க வழியில்லை. இங்கே நடந்தது என்னவெனில், முறையாக அடிக்கப்பெற்ற இரண்டு காசுகளை முதுகும் முகமுமாகச் சேர்த்து, பட்டறை இடுக்கியில் வைத்து யாரோ இறுக்கியிருக்கிறார்கள். ஒன்றின் சிங்கம் மற்றதன் முதுகில் பதிந்துவிட்டது. காசு மெய், பிழை பொய். எடையும் காந்தமும் உலோகத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். முத்திரையின் வரலாற்றை அவை சொல்லமாட்டா. அதற்குக் கண் வேண்டும்.

இவ்வகைக் கைவேலைகள் இன்னும் பல. இரு காசுகளின் உட்புறத்தைக் கடைந்து பொருத்தி, இருபுறமும் தலையே உள்ள காசு என்று விற்பர். ஓரத்தை ஒட்டி உட்புறமாக உருப்பெருக்கியால் நோக்கினால் மயிரிழை போன்றதொரு பொருத்துவாய் தெரியும். கல்லில் தட்டினால் ஓசை மழுங்கும். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி, ‘செம்பு வில்லையில் தவறி அடித்தது’ என்பர். காந்தம் அந்தப் பொய்யை உடனே வெளிப்படுத்திவிடும். பத்து ரூபாயின் நடுவில்லையைத் தட்டியெடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடைப்பாரும் உளர். ஓரம் கடித்தாற்போன்ற காசில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டுக்கருவி மறுபடியும் விழுந்தால் வில்லையில் வளைவான கடி விழும். அத்தகைய வில்லைக்கு வரம்பு எழுப்பும்போது கடிக்கு நேர் எதிர்ப்புறத்தில் அழுத்தம் கிடைப்பதில்லை. ஆகவே அங்கே வரம்பு மெலிந்திருக்கும். கத்தரியால் வெட்டியவனுக்கு இது தெரியாது. அவன் வெட்டிய காசில் எதிர்ப்புற வரம்பு குறையின்றி விளங்கும். பிள்ளைகள் மாரிக்குப்பம் தண்டவாளத்தில் காசை வைத்துத் தட்டையாக்கி விளையாடுவது தங்கவயலில் எல்லாரும் அறிந்ததே. அப்படித் தட்டையான காசைக்கூட ‘வளையமின்றி அடித்த அரிய பிழை’ என்று ஒருவர் நம்மிடம் காட்டியதுண்டு! சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம்.

இனி, பிழையே அல்லாதவற்றைப் பிழை என்று கொள்ளும் மயக்கம் ஒன்று உண்டு. ஆண்டு இலக்கத்தின்கீழ் புள்ளி இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது என்று வியப்போர் பலர். புள்ளி நொய்டாவின் குறி. நட்சத்திரம் ஐதராபாத்தின் குறி. சாய்சதுர வைரம் மும்பையின் குறி. குறியே இல்லாதது கொல்கத்தா. ஆகவே குறி இல்லாமையும் பிழையன்று. இவ்வழக்கம் பழையது. முதல் உலகப் போர்க்காலத்தில் இலண்டன் நாணயச்சாலையின் கிளையொன்று பம்பாயில் அமைக்கப்பெற்று, 1918-ஆம் ஆண்டு முத்திரையோடு சவரன்கள் அடித்தது. அவற்றில் ஆண்டு இலக்கத்துக்கு மேலே ‘ஐ’ என்னும் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று காணப்படும். இந்தியாவில் அடித்தது என்பதற்கு அடையாளம் அது. அந்தச் சவரன் என்னும் பெயர்தான் இன்று நம் மகளிர் நகைக் கணக்கில் எட்டுக் கிராமாய் நின்று நிலவுகிறது.

பத்து ரூபாய் நாணயத்தின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. 2011-ஆம் ஆண்டு முதல் புதிய ரூபாய்க் குறியோடு அந்நாணயம் வெளிவந்தது. குறி இல்லாத முந்தைய நாணயங்கள் போலி என்று ஒரு வதந்தி கிளம்பி, தமிழகத்தில் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் அவற்றை வாங்க மறுத்தனர். ரிசர்வ் வங்கி 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய் வெளியாகியிருப்பதையும், பதினான்கும் செல்லும் என்பதையும் அறிவிக்கவேண்டியதாயிற்று. பொய்யை மெய்யென்று கொள்வதனால் மட்டுமன்று, மெய்யைப் பொய்யென்று தள்ளுவதனாலும் ஏழைக்கு இழப்பு நேர்கிறது.

முழு வெளியீடுமே பிழையாய் அமைந்த ஒரு ரூபாயும் நம் நாட்டில் உண்டு. 1911-ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வெளிவந்த வெள்ளி ரூபாயில், மன்னர் அணிந்த அங்கியில் யானை உருவம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. துதிக்கை குறுகிவிட்டமையால் யானை பன்றிபோல் தோன்றியது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டனர். ஏறத்தாழ 94 இலட்சம் ரூபாய்கள் அடிக்கப்பெற்று, அவற்றுள் ஏழு இலட்சம் வரையில் வெளியேறியபின் எஞ்சியவற்றை அரசு நிறுத்தி உருக்கிவிட்டது என்று நாணய நூல்கள் கூறும். அடுத்த ஆண்டு துதிக்கை நீண்டது. இந்த 1911-ஆம் ஆண்டு ரூபாய்க்குச் சேகரிப்போரிடையே தனி மதிப்பு உண்டு. ஆனால் அது பொறியின் பிழையன்று, ஓவியத்தின் பிழை. 1911 என்னும் ஆண்டுள்ள எல்லா ரூபாயிலும் அது உண்டு. 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயும் அரியது. அதனாலேயே கடைசி இலக்கத்தை மாற்றிச் செதுக்கிய போலிகள் உலவுகின்றன. மாற்றிய இலக்கத்தைச் சுற்றியுள்ள தரை மற்ற இடத்தைவிட வழவழப்பாயிருந்தால் ஐயுறுக.

தெய்வத்தின் பெயரால் வரும் போலியையும் சொல்லாமல் விடலாகாது. 1818 என்று ஆண்டிட்டு, ஈஸ்ட் இந்தியா கம்பெனி அரை அணா என்று எழுதி, மறுபுறம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த செம்புக் காசுகளைப் பலர் பூசையறையில் வைத்திருக்கின்றனர். அவை கம்பெனியார் வெளியிட்டவை அல்ல, பிற்காலத்தில் செய்தவை. வணங்குவோர் வணங்குக; அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அத்தகைய காசு அரிசியை ஈர்க்கும், அதில் இரிடியம் இருக்கிறது, கோடி ரூபாய் பெறும் என்று சொல்லி வருவோரிடம் பணம் கொடுத்துத் தமிழகத்திலும் கன்னட நாட்டிலும் வீடு வாசலை இழந்தவர் உண்டு. இரிடியம் அரிசியை ஈர்ப்பதில்லை.

மீண்டும் பொற்கொல்லர் கடைக்கு வருவோம். மூன்றாம் நாணயமாகிய புலி ரூபாயைத் தராசில் இட்டோம். 11.6 கிராமுக்குச் சற்று மேல் நின்றது. பழைய தோலா எடையாகிய 11.66 கிராமில் தேய்மானம் போக எஞ்சியது அது. காந்தம் ஒட்டியது; முதியவர் திடுக்கிட்டார். வெள்ளி என்றே அவர் இதுகாறும் எண்ணியிருந்தார். அவ்வாண்டின் ரூபாய் வெள்ளியன்று, நிக்கல். நிக்கல் காந்தத்துக்கு இசையும். ஆகவே நாணயம் மெய்யானது. ஆயின் அரியதா எனின், இல்லை. கோடிக்கணக்கில் அடித்து வெளியிட்ட ரூபாய் அது. நாடு விடுதலை பெற்ற ஆண்டு என்பதனால் மக்கள் அதை விரும்பி எடுத்து வைத்தனர். எல்லாரும் எடுத்து வைத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்? ஓரளவு தேய்ந்த 1947 ரூபாய்க்கு நாணயக் கடையில் கிடைப்பது சில நூறு ரூபாய் அளவே.

மெய்யாயிருத்தல் வேறு, விலை பெறுதல் வேறு என்பதை நம்மவர் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து ஓர் எழுத்து மங்கிப்போன காசு மெய்யான பிழைதான். ஆனால் நாள்தோறும் ஆயிரம் கிடைக்கும் பொருளுக்கு யார் விலை கொடுப்பார்? பிழை வெறுங்கண்ணுக்குத் தெரிதல் வேண்டும்; ஆண்டும் ஊர்க்குறியும் விளங்குதல் வேண்டும்; காசு தேயாதிருத்தல் வேண்டும்; இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை விரும்பி வாங்கும் சேகரிப்பாளர் இருவராவது போட்டிக்கு இருத்தல் வேண்டும். நம் நாட்டில் பிழை நாணயம் சேர்ப்போர் தொகை சிறிது. கேட்கும் விலை விலையாகாது. கைமாறிய விலையே விலை. ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் தொகையை வெளியிடுகின்றன. அதைப் பார்த்தல் நலம். இன்னும் ஒன்று: பழைய காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதீர்கள். பாத்திரத்துக்கு அது அழகு, நாணயத்துக்கு அழிவு. துலக்கிய காசை நோட்டக்காரர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவர்.

தொலைபேசிக்காரர் செய்தி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இது தனியொரு ஊரில் நடக்கும் வஞ்சகமன்று. பெங்களூரில் 2021-ஆம் ஆண்டில், இதே 1947 ரூபாயைக் கோடி ரூபாய்க்கு விற்க எண்ணிய ஒருவர் கட்டணம் கட்டணமென்று ஒரு இலட்சம் இழந்த செய்தி நாளிதழ்களில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ரிசர்வ் வங்கியும் எச்சரிக்கை விடுத்தது: பழைய நோட்டையும் நாணயத்தையும் வாங்கி விற்கும் வேலையில் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்கெனக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை, தன் பெயரால் வாங்க எவருக்கும் அதிகாரம் கொடுத்ததுமில்லை. பொருளை வாங்குவோர் பணம் கொடுப்பர். பணம் கேட்கும் வாங்குவோர் உலகில் எங்கும் இல்லை. நாணயத்தைக் கையில் எடுத்துப் பாராமல், எடையும் கேளாமல், படத்தைக் கண்ட அளவில் பன்னிரண்டு இலட்சம் என்றவர் நோட்டம் அறிந்தவர் ஆகார்.

இதனைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதியவரின் கைப்பேசி ஒலித்தது. அதே எண். அவர் நம்மைப் பார்த்தார். பின் எடுத்துப் பேசினார். “ஐயா, உங்களுக்கு வேண்டிய ஐந்து ரூபாய் எத்தனை கிராம் இருக்கவேண்டும்?” என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் ஏதோ வரியைப் பற்றிய பேச்சு. மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். இணைப்பு அறுந்தது.

அன்று மாலையே பேத்தி 1930 என்னும் எண்ணை அழைத்து முறையீட்டைப் பதிவு செய்தாள். பணமோசடிக்கு ஆளானோர் நாடு முழுவதும் அழைப்பதற்கென அமைந்த எண் அது. பணம் போன உடனே அழைத்தால் மீட்க வாய்ப்பு மிகுதி. இவர்கள் அழைத்தது ஒரு வாரம் கழிந்தபின். இரண்டாயிரம் திரும்பவில்லை. சங்கிலி வீட்டிலேயே இருந்தது. கல்லூரிக் கட்டணத்தை மகன் பெங்களூரில் தாம் பணியாற்றும் இடத்தில் முன்பணம் வாங்கிச் செலுத்தினார். எஃகு ரூபாயைப் பெங்களூரில் நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் நாம் காட்டினோம். எழுநூறு ரூபாய் தரலாம் என்றார். முதியவர் விற்கவில்லை.

மறுமுறை நாம் சாம்பியன் ரீஃப் சென்றபோது அதே தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். துணி போய்விட்டது. மூன்று சிறு காகித உறைகள் இருந்தன. ஒவ்வொன்றன்மேலும் பென்சிலால், ஆய்வுக்கூடத்தில் மாதிரிக் கற்களுக்குச் சீட்டு எழுதிய அதே கையெழுத்தில், எழுதியிருந்தார். ஒன்றில்: ‘ஐதராபாத், 1998, 4.83 கிராம், ஒதுங்கி அடித்தது.’ மற்றொன்றில்: ‘புலி, 1947, நிக்கல், அப்பா கொடுத்தது.’ மூன்றாவதில்: ‘இடுக்கியில் அழுத்தியது. யாருக்கும் விற்கக்கூடாது.’